மலையகத்தில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளுக்கு உளச்சிகிச்சை: யாரிடம், எப்படி ஒப்படைப்பது?

கேள்வி இதுதான்: "எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு நிதியம் நடத்துகிறோம். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளுக்கு உளவளத்துணை கிடைக்க மூன்று வருடத்துக்குப் பணம் தர முடியும். எந்த நிறுவனத்திடம் கொடுப்பது? ஒப்பந்தத்தில் எத்தனை பிள்ளை, எத்தனை அமர்வு என்று எழுதுவது?"

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்த வேலையில் பணம் பாழாவது அங்கேதான். எத்தனை பிள்ளை, எத்தனை அமர்வு என்று எழுதவே வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன்னால் அப்படி எழுதப்பட்ட ஒரு திட்டத்தில் நான் இணைப்பாளராக இருந்தேன். ஒரு பிள்ளைக்கு எட்டு அமர்வு, ஒவ்வொரு அமர்வுக்கும் இவ்வளவு பணம், டிசம்பர் 31 இல் கணக்கு முடிவு. ஜனவரி முதல் வாரம் நாற்காலிகளை ஏற்றிப்போக அந்த அறைக்கு வந்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு தாய் நின்றார். அன்றைய பேரை (ஒரு நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பிள்ளையின் கையில் லஞ்ச் ஷீட்டில் சுற்றிய ரொட்டி. எங்கள் உளவளத்துணையாளரின் ஒப்பந்தம் முடிந்து அவர் வவுனியாவுக்குப் போய்விட்டார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை ஆறாவது வருகையில்தான் வாய் திறக்கத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு முறையும் எழுந்து போகும்போது, "டீச்சர், அடுத்த கிழமையும் நீங்கதானே இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாளாம். நம்பிய பெரிய ஆள் ஒருவரால் ஏமாற்றப்பட்ட பிள்ளையை, நாங்கள் இன்னொரு தடவை ஏமாற்றினோம். எங்கள் இறுதி அறிக்கையிலோ இலக்கு முழுமையாக நிறைவேறியது என்று இருந்தது.

ஆகவே உங்கள் பணத்தால் நீங்கள் வாங்க வேண்டியது ஒன்றுதான்: பிள்ளையின் மொழி பேசுகிற, பயிற்சி பெற்ற ஒரே ஆள், தேவை தீரும் வரைக்கும் அதே கதிரையில் இருப்பது. மற்ற எல்லாம் அந்த ஆள் அங்கே நிலைத்திருக்க வேண்டிய ஏற்பாடுகள். இனி நான் சொல்லப்போவதும் அவற்றைப் பற்றித்தான்.

முதலில் எதற்கு நீங்கள் செலவழிக்கத் தேவையில்லை என்று பாருங்கள். ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அடுத்து நடக்க வேண்டியவற்றுக்கு அரச அமைப்பு இருக்கிறது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பொலிஸில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நன்னடத்தை உத்தியோகத்தர் நிற்பார். சில வைத்தியசாலைகளில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் சுகாதார அமைச்சின் நட்பு நிலையம் இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். இவற்றுக்குப் போட்டியாக இன்னொன்றைத் தொடங்கினால், பிள்ளை அதே கதையைச் சொல்ல வேண்டிய ஆட்களின் வரிசை இன்னும் ஒருவரால் நீளும், அவ்வளவுதான்.

அந்த வரிசையை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். முதலில் வகுப்பாசிரியரிடமோ பிள்ளை மடுவத்து (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்து) அக்காவிடமோ சொல்கிறாள். பிறகு அதிபர், பொலிஸ், வார்ட்டில் தாதி, சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர், நீதவான். போதாததற்கு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வந்து விசாரிக்கும் அத்தனை உறவும். எல்லோரும் முதல் இரண்டு மாதத்துக்குள் கேட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மேல்நீதிமன்ற விசாரணை வரும்வரை, சில வேளை பல வருடங்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, படிப்பு ஏறுவதில்லை, மாதவிடாய் வந்தால் பயம், மாமா முறையானவர் பக்கத்தில் வந்து நின்றால் உடம்பு விறைக்கிறது. அந்த நீண்ட காலத்தில் பிள்ளையோடு உட்கார ஆளில்லை. உங்கள் பணத்துக்கு இங்கே உள்ள வேலை அதுதான்.

ஆனால் அந்த முதல் நாட்களைப் பற்றி உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பாலுறவு நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு 120 மணித்தியாலம் எல்லை. தோட்டத்துத் தலைவரும் கோயில் கமிட்டியும் உட்கார்ந்து பேசி முடிக்கும் மூன்று நாளில் அந்த நேரம் ஓடிவிடும். சிகிச்சை கேட்டு வைத்தியசாலைக்குப் போகப் பொலிஸ் முறைப்பாட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பதையும் தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: பரிசோதனையில் காயம் எதுவும் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமல்ல. துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு உடம்பில் அடையாளம் இருப்பதில்லை. இதை அறியாத உறவினர்கள் "டொக்டரே ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டாரு" என்று பிள்ளையைப் பொய்க்காரியாக்கிவிடுகிறார்கள்.

பேசி முடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருப்பார், அல்லது அதே காம்பராவில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறை படுக்கிற இடத்தில் ஒரு ஆளைத் தவிர்ப்பது எப்படி? தண்ணீர்ப் பீலியும் ஒன்றுதான், காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களமும் ஒன்றுதான். அதனால் மானம், சொந்தம், தொழிற்சங்கம் என்று சொல்லிக் காசைக் கொடுத்து, அல்லது "கட்டி வச்சிரலாம்" என்று முடிக்கப் பார்க்கிறார்கள். 1995 ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. பொதுத் திருமணச் சட்டத்தில் 18 வயதுக்கு முன் பதிவும் செய்ய முடியாது. உங்கள் நிறுவனம் இப்படிப்பட்ட சமரசப் பேச்சுகளில் உட்காரவே கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். தலைவரைப் பகைக்கச் சொல்லவில்லை. அவர் ஆதரவில்லாமல் தோட்டத்துக்குள் நடக்கவே முடியாது. வழக்கு எதுவும் இல்லாத காலத்திலேயே அவரோடும் பேசி, எங்கள் எல்லை இதுதான் என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

பாதுகாப்புக்குப் பிறகுதான் சிகிச்சை. செய்தவன் இன்னும் பக்கத்துக் காம்பராவில் இருக்கும்போது பிள்ளையைக் கூட்டிவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்? அவளுடைய பயம் அப்போது நோயே அல்ல, நியாயமான பயம். ஆனால் பாதுகாப்பு என்றவுடன் இங்கே முதலில் யோசிக்கப்படுவது பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவது. செய்தவன் பிணையில் வந்து அதே லயத்தில் இருக்க, பிள்ளை தாய், தம்பி, பள்ளிக்கூடம், சிநேகிதிகள் எல்லாவற்றையும் இழந்து எங்கோ ஒரு இல்லத்தில் இருக்கிறாள். சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் அவளுக்குப் படும். சில பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பிள்ளையைப் பொருத்தமான உறவினரிடம் ஒப்படைக்கவும் முடியும். வேறு தோட்டத்தில் இருக்கும் சின்னம்மாவோ அம்மாயியோ பொறுப்பெடுக்கத் தயாராக இருந்தும், இன்னொரு வாய்க்குச் சோறு போட வழியில்லாமல் பின்வாங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். உங்கள் வரவு செலவில் அந்தச் சின்னம்மாவுக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். அந்தப் பணம் நேரே சிகிச்சையில்தான் சேரும்.

இப்போது சிகிச்சை என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். உளவளத்துணை என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே நிறைய விஷயங்களை அடைத்துவிட்டார்கள். பாடசாலை வழிகாட்டல் ஆசிரியர் தருவதும், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் தருவதும் தேவையானவைதான். ஆனால் கடும் அதிர்ச்சியின் பாதிப்பு வேரூன்றிய பிள்ளைக்கு வேறு பயிற்சி உள்ள ஆள் வேண்டும். இதில் அதிகம் ஆராயப்பட்டது அதிர்ச்சியை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், அதிர்ச்சிக்குப் பின்னான மனவழுத்த நோய் வந்த பிள்ளைகளுக்கு இதையே சொல்கிறார்கள். வழமையாகப் பன்னிரண்டிலிருந்து பதினாறு அமர்வு. சிக்கலான நிலைமைகளில் இன்னும் கூட. முதலில் பிள்ளைக்கு நடந்தது என்ன, உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று விளக்குவார்கள். படபடப்பை அடக்கும் வழி, உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் வழி, "என் தப்புதான்" என்ற எண்ணத்தைத் திரும்பப் பார்க்கும் வழி என்று படிப்படியாகப் போகும். அந்தப் பலம் வந்த பிறகுதான் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளையின் வேகத்தில், சொல்லவோ வரையவோ எழுதவோ செய்வார்கள். தாய்க்கும், அல்லது துணையாக நிற்கும் பெரியவருக்கும், அதே அளவு நேரம் கொடுக்கப்படும்.

அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பிள்ளை தேறுவாளா என்பதை முன்கூட்டியே காட்டும் பெரிய அடையாளங்களில் ஒன்று, தாய் அவளை நம்புகிறாரா, அவள் பக்கம் நிற்கிறாரா என்பது. எங்கள் தாய்மாரின் நிலைமை என்ன? புருஷனை விட்டால் காம்பரா போகும், மாமியார் வீட்டுப் பேச்சு, வருமானம் பாதியாகும். சில தாய்மார் குவைத்திலோ சவூதியிலோ இருந்து வட்ஸ்அப்பில் செய்தியைக் கேட்கிறார்கள். அழக்கூட அங்கே அவர்களுக்கு ஓர் அறை இல்லை. "நீ அனுப்பிவச்சுட்டுப் போனதாலதான்" என்று ஊரே அவர்கள் மேல் பழி போடுகிறது. அந்தத் தாயோடு இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் பேச உங்கள் ஆளுக்கு அனுமதியும் நேரமும் இருக்க வேண்டும். பிள்ளை, தாய் இருவருக்கும் ஒரே ஆளே எல்லாவற்றையும் செய்ய முடியாது. குறைந்தது இரண்டு பேரை நியமிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் பதினாறு அமர்வு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள், பாதுகாப்பும் நம்பும் தாயும் இருந்தால், இரண்டு மூன்று சந்திப்பில் தெளிந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதும் கெடுதல்தான். மறுபக்கம், நாலு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு உதவாது. விளையாட்டும் களிமண்ணும் வேண்டும். பதினைந்து வயதுச் சிறுமி பத்தொன்பது வயதுப் பையனோடு ஓடிப்போய், வழக்கு விழுந்து கொண்டுவரப்பட்டிருந்தால் அவளுடைய கோபம் எங்கள் மேல் இருக்கும். அவளுக்கு வேறு அணுகுமுறை. 2020 இல் பாடசாலைகள் மூடி எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு, படத்தை வைத்து மிரட்டப்படும் பிள்ளைகள் ஒரு தனி வகையாகவே வருகிறார்கள். அவர்களுக்கு அது முடிந்த சம்பவமே இல்லை, படம் எங்கோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆக முதல் இரண்டு சந்திப்பும் மதிப்பீட்டுக்கு, அதன் பிறகு எவ்வளவு என்று நிபுணர் முடிவு செய்யட்டும். நிதி கொடுப்பவர் முடிவு செய்ய வேண்டாம்.

யாரை மறுக்க வேண்டும் என்று கேட்டால் அதற்கு எனக்குத் தயக்கமே இல்லை. முதல் நாளே "எல்லாத்தையும் கொட்டிரு, மனசு லேசாகிரும்" என்று சொல்பவர் வேண்டாம். சம்பவம் நடந்த உடனே பிள்ளையை உட்காரவைத்து விபரமாகச் சொல்ல வைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது. செய்தவனை மன்னித்தால்தான் குணமாகும் என்பவர் வேண்டாம். பிள்ளையையும் செய்தவனையும் ஒரே அறையில் உட்கார வைக்கப் பார்ப்பவர் கண்டிப்பாக வேண்டாம். "மறந்துரு, நல்லாப் படி" என்று அறிவுரை சொல்லி அனுப்புபவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்குரியவர் அல்ல.

கோடாங்கியையும் திருநீறு போடுவதையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இரவில் அலறி எழும்பும் பிள்ளையைப் பயந்த கோளாறு என்று கோயிலுக்குக் கூட்டிப்போவது அக்கறையில் செய்வது. அடியோ புகையோ பட்டினியோ இல்லாதவரை அதோடு மோத வேண்டியதில்லை. "அம்மன் கோயில் கயிறு கையில இருக்கட்டும், செவ்வாக்கிழமை இங்கேயும் வாங்க" என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் இங்கே நிலைப்பார்.

ஆள் தேடும்போது பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள். உளவளத்துணையாளர் என்று ஆறு மாத டிப்ளோமாவோடு பலகை மாட்டுபவரும் உண்டு, மருத்துவ உளவியலில் பட்டப்பின்படிப்பு முடித்தவரும் உண்டு. நேர்முகத்தில் கேட்க வேண்டியது: இப்படிப்பட்ட பிள்ளைகளோடு எத்தனை வருடம் வேலை செய்தீர்கள், உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்தார், கடைசியாக எந்தப் பிள்ளையோடு தோற்றீர்கள், அப்போது என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவரை எடுங்கள். ஒரு பிள்ளை "யாரிடமும் சொல்லாதீங்க" என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பவர் ஆபத்தானவர். எதை ரகசியமாக வைப்பேன், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தென்றால் யாரிடம் போவேன் என்று முதல் நாளே பிள்ளைக்குப் புரியும்படி சொல்பவரே தேவை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ் தெரியும் என்பது போதாது. "ஒடம்பு கூசுது", "நெஞ்சு திக்குதிக்குங்குது", "அவுக வந்தா எனக்குப் பிடிக்கல" என்று எங்கள் பிள்ளை சொல்லும்போது, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் நிபுணருக்கு உடனே பிடிபடாது. உடலுறுப்புகளுக்கு லயத்தில் புழங்கும் பெயர்கள் அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நிலை வந்தால் தோட்ட உத்தியோகத்தரோ அயலவரோ அந்த இடத்தில் நிற்கக் கூடாது. இதே காரணத்தால் பொலிஸ் வாக்குமூலத்தையும் கவனிக்கச் சொல்கிறேன். வேலை நேரத்தில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே ஓடிவந்த ஒரு தாய், தனக்குப் படிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட நாலு பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மகள் சொன்னது அதில் இருக்கிறதா என்று அவருக்கு ஒரு வருடம் கழித்து வழக்கறிஞர் வாசித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு முக்கியமான திகதி மாறியிருந்தது. தமிழில் வாக்குமூலம் கேட்க உரிமை உண்டு என்று அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

என்னுடைய விருப்பம், மலையகத்துப் பிள்ளைகளான பட்டதாரிகள் இருவரை முழுநேரமாக எடுத்து, முதல் வருடமே நல்ல பயிற்சி கொடுத்து, கொழும்பிலோ பேராதனையிலோ இருக்கும் அனுபவமுள்ள மருத்துவ உளவியலாளர் ஒருவரை இரு கிழமைக்கு ஒரு முறை மேற்பார்வைக்கு அமர்த்துவது. மேற்பார்வை என்பது வரவுப் பதிவேட்டைப் பார்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசி, எங்கே தவறுகிறோம், இதைக் கேட்டுக் கேட்டு நமக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் நேரம் அது. அதற்குப் பணம் ஒதுக்காத எந்த முன்மொழிவையும் திருப்பி அனுப்புங்கள். மேற்பார்வை இல்லாமல் இந்த வேலை செய்த கெட்டிக்காரப் பெண்கள் இரண்டு வருடத்தில் நித்திரை கெட்டு வேறு வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு சங்கடமும் உண்டு: பொகவந்தலாவைப் பிள்ளைக்குப் பொகவந்தலாவைக்காரரே அமைந்தால், சொந்தமும் சாதியும் சங்கமும் குறுக்கே வரும். மஸ்கெலியாக்காரரை பொகவந்தலாவைக்கும் பொகவந்தலாவைக்காரரை மஸ்கெலியாவுக்கும் அனுப்புங்கள். ஆண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். அவர்கள் சொல்வதற்கு இன்னும் அதிக காலம் எடுக்கிறார்கள். "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகுது" என்ற பேச்சே அவர்கள் வாயை அடைக்கிறது.

இடம், வழி, நேரம் இவற்றில்தான் நல்ல திட்டங்கள்கூட விழுகின்றன. வெளியே "துஷ்பிரயோகத்துக்குள்ளான சிறுவர் நிலையம்" என்று பலகை இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். பாடசாலையில் வைத்தால் எந்தப் பிள்ளையை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று இடைவேளைக்குள் தெரிந்துவிடும். வைத்தியசாலை வளாகம் நல்லது, அங்கே யாரும் எதற்கும் போகலாம். இல்லையென்றால் டவுனில் டியூஷன் வகுப்பு நடக்கும் கட்டடத்தில் ஓர் அறை. தகரக் கூரை வேண்டாம். மழைக்காலத்தில் மெதுவாகப் பேசும் பிள்ளையின் குரல் கேட்காது. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஒரு தாய் பதினாறு முறை வர வேண்டுமென்றால் பதினாறு நாள் சம்பளம் போகும், அதோடு இருவருக்கும் பஸ் காசு, மேட்டு லயத்திலிருந்து றோட்டுக்கு வர ஆட்டோ. இழந்த நாளுக்கும் பயணத்துக்கும் கைக்கே பணம் கொடுங்கள், பற்றுச்சீட்டு கேட்டு அலைக்கழிக்காமல். "வரவில்லை, அக்கறையில்லாத குடும்பம்" என்று எழுதப்பட்ட கோவைகளில் பாதிக்கு மேல் ஆட்டோக் காசு இல்லாத கதை என்று என் அனுபவத்தில் சொல்வேன். சனி, ஞாயிறு திறக்க வேண்டும்.

வழக்கு முடியும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள் வருவார்கள், சில வேளை வழக்கறிஞர்களே சொல்வார்கள்: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, சிகிச்சையாளர் விசாரணையாளராகாமல் இருப்பது. யார், எப்போது, எங்கே என்று துருவக் கூடாது, பதிலைத் தன் வாயால் எடுத்துக்கொடுக்கக் கூடாது, பிள்ளை தானாகச் சொன்னதை அவள் சொற்களிலேயே திகதியோடு குறித்து வைக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குக்காக ஒன்பது வயதுப் பிள்ளையைப் பதினான்கு வயது வரை தூக்கமில்லாமல் வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சான்றாக்க இடம் தருகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்பு தரும் சட்டம் 2015 இல் வந்து, 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை நீதிமன்றப் படியேறும் நாளுக்கு முன்பே இவற்றைக் கேட்டு மனுக்கொடுக்கத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் சில மணித்தியாலத்தை மாதாமாதம் வாங்கி வைத்திருங்கள்.

இனி ஒப்பந்தம். தலைக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் இரண்டு பதவிகளின் சம்பளம், மேற்பார்வை, பயணம், அறை என்று கொடுங்கள். ஒருவரிடம் ஒரே காலத்தில் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைக்கு மேல் இருக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் கோவைதான் ஓடும். மூன்று வருடப் பணத்தில் கடைசி ஆறு மாதம் புதிய பிள்ளைகளை எடுக்காமல், இருப்பவர்களை முடித்து வைக்கவும் கையளிக்கவும் மட்டும் என்று இப்போதே எழுதுங்கள். ஆள் விலகினால் பிள்ளையோடு குறைந்தது மூன்று சந்திப்பாவது விடைபெறுவதற்கு இருக்க வேண்டும், புதியவர் அதில் கடைசியில் வந்து உட்கார வேண்டும். கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று வந்தால் எந்த வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு, யாரைப் பிடித்து அனுப்புவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரவு நேரத்துக்கு 1926 மனநல உதவி இலக்கமும் தாய்மார் கையில் இருக்கட்டும்.

அறிக்கை விடயத்தில் உங்கள் நிதியத்தின் பக்கம் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். படம் கேட்காதீர்கள், முகத்தை மறைத்தும் வேண்டாம். கதை கேட்காதீர்கள். "தரம் 8, அம்மா குவைத்தில், மேல்பிரிவுத் தோட்டம்" என்று மூன்று விபரம் போட்டால் அந்த மலையில் பெயரைச் சொல்லவே தேவையில்லை. உங்களிடம் பணம் கொடுத்தவர்கள் வெளிநாட்டில் இருந்தாலும் அவர்களும் இந்தத் தோட்டங்களில் பிறந்தவர்கள்தானே, யார் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இவற்றைக் கேளுங்கள்: முதல் சந்திப்புக்குப் பிறகு எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், வராதவர் ஏன் வரவில்லை, எத்தனை பேர் பள்ளிக்கூடம் திரும்பினார்கள், ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்ட நாளிலிருந்து முதல் சந்திப்புவரை எத்தனை நாள், மேற்பார்வை எத்தனை தடவை நடந்தது. பிள்ளையும் தாயும் தூக்கம், பயம், பள்ளிக்கூடம் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் ஒரே கேள்வித்தாளில் பதியச் சொல்லலாம். அந்தத் தமிழ் எங்கள் தாய்மாருக்குப் புரிகிறதா என்று முதலில் பத்துப் பேரிடம் வாசித்துப் பார்த்த பிறகு. எண்கள் மெதுவாகத்தான் ஏறும். முதல் வருடம் இருபது பிள்ளைகூட வராமல் போகலாம், அதற்காகப் பதறி நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை மடுவத்து அக்காவும் குடும்பநல மாதுவும் உங்கள் ஆட்களை நம்பத் தொடங்கவே ஒரு வருடம் போகும்.

நிறுவனத்தின் பெயரை நான் சொல்லாததைக் கவனித்திருப்பீர்கள். நேரில் போய்ப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் வாருங்கள், மழை கொட்டும் காலம். காரில் வர வேண்டாம். பொகவந்தலாவைக்கு மேலே ஏதாவது ஒரு மேல்பிரிவிலிருந்து காலை பெரட்டு நேரத்தில் கிளம்பி, நடந்து, பஸ் ஏறி, அவர்கள் காட்டும் அறைவரை வந்து சேருங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, வழியில் எத்தனை பேர் "எங்க போறீங்க?" என்று கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அறைக்குள் பிள்ளை உட்காரும் கதிரையில் உட்கார்ந்து, பக்கத்து அறையில் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், அவர்களுக்கு வேறு அறை தேடிக்கொடுப்பதுதான் உங்கள் நிதியத்தின் முதல் செலவு.